வரையறைக்குள் ஓர் உறவு

உளச்சிகிச்சையை நாடி வருபவர்கள் பெரும்பாலும் வாய்விட்டுக் கேட்கத் தயங்கும் கேள்வி ஒன்று உண்டு: குறித்த நேரத்தில் தொடங்கிக் குறித்த நேரத்தில் முடிந்து, கட்டணமும் பெற்றுக்கொண்டு காட்டப்படும் அக்கறை உண்மையான அக்கறைதானா? ஒருவர் தம் வீட்டாரிடமும் சொல்லாததைச் சொல்ல, மற்றவர் தம்மைப் பற்றி ஏறக்குறைய எதுவும் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருக்கும் இந்த ஏற்பாடு, நட்புக்கு உலகம் வைத்திருக்கும் அளவுகோல் எதிலும் தேறாது. ஆயினும் இந்தச் சமனற்ற உறவு, சமனற்றதாக இருப்பதாலேயே, மற்ற உறவுகள் எளிதில் தர இயலாத ஒன்றைத் தரவல்லது; அது கிட்டுவதும் கிட்டாமற்போவதும் அந்த ஏற்றத்தாழ்வு யாருடைய நலனுக்குப் பயன்படுகிறது என்பதைப் பொறுத்தவை.

உளப்பகுப்பாய்வை நிறுவிய சிக்மண்ட் ஃபிராய்டுக்கு இவ்வுறவின் ஆழத்தை உணர்த்தியவற்றுள் முக்கியமானது ஒரு தோல்வி. 1900ஆம் ஆண்டின் இறுதி மாதங்களில், பின்னாளில் அவர் ‘டோரா’ என்று பெயர் மாற்றி எழுதிய பதினெட்டு வயதுப் பெண்ணொருத்தி, தந்தையின் வற்புறுத்தலால் வியன்னாவில் அவரிடம் சிகிச்சைக்கு வந்தாள். தந்தையின் நண்பர் தன்னிடம் தகாத முறையில் நெருங்கினார் என்று அவள் முறையிட்டபோது, அந்த நண்பர் அதை மறுத்தார். தந்தையோ அதை அவளுடைய கற்பனை என்று ஒதுக்கினார். அந்த நண்பரின் மனைவியோடு தந்தைக்கிருந்த தொடர்பு குலையாதிருப்பதற்குத் தான் விலையாக்கப்பட்டதாக அவள் மனங்கசந்திருந்தாள். நடந்ததாக அவள் சொன்னதை ஃபிராய்டு நம்பினார். ஆனால், அந்த மனிதரை அவள் உள்ளூர நேசித்தாள் என்பதை அவளிடமே வலியுறுத்திவந்தார். ஏறத்தாழ பதினொரு வாரங்களுக்குப் பின், அவ்வாண்டின் கடைசி நாளில், அவள் சிகிச்சையை முறித்துக்கொண்டு வெளியேறினாள்.

1905இல் வெளியிட்ட இந்நோய் வரலாற்றின் பின்னுரையில், உணர்வுப் பெயர்ச்சியை உரிய காலத்தில் கவனிக்கத் தவறியதாக ஃபிராய்டு எழுதினார். பெற்றோர் முதலானோரிடம் முன்பு கொண்டிருந்த அன்பையும் அச்சத்தையும் சினத்தையும் நோயாளி தம்மையறியாமலே சிகிச்சையாளர்மீது ஏற்றிவிடுவதையே இச்சொல் குறிக்கிறது. கடந்த காலம் நினைவாக மட்டும் சொல்லப்படாமல், அறைக்குள் இருவருக்கிடையே மீண்டும் நிகழ்வதால்தான் அதைக் கண்டறியவும் மாற்றவும் வாய்ப்பு உண்டாகிறது என்பது உளச்சிகிச்சைக்குக் கிடைத்த பெரும் வெளிச்சம்.

ஆனால் டோராவின் விலகலுக்கு ஃபிராய்டு தந்த அந்த விளக்கம் பாதி உண்மையே. தன் உள்ளத்தில் இருப்பது என்னவென்று பெரியவர்களே முடிவு செய்த ஒரு வீட்டிலிருந்து வந்தவளுக்கு, அதையே செய்யும் இன்னொரு பெரியவர் வாய்த்தார். அவளுடைய சினத்தில் பழையதன் நிழல் இருந்திருக்கலாம், எனினும் அச்சினத்துக்கான காரணம் அந்த அறையிலேயே இருந்தது. நோயாளியின் ஒவ்வொரு குறையையும் அவருடைய இளமைக்காலத்தின் கணக்கில் எழுதிவிடும் சிகிச்சையாளர், உணர்வுப் பெயர்ச்சி என்னும் அரிய கருத்தைத் தமக்குக் கேடயமாக்கிக்கொள்கிறார். சிகிச்சையாளருக்குள் எழும் உணர்வுகளும் நோயாளியைப் புரிந்துகொள்ள உதவும் கருவியே என்று உளப்பகுப்பாய்வாளர் பவுலா ஹைமன் 1950இல் வாதிட்ட பிறகுதான், அறையிலுள்ள இரண்டாவது உள்ளமும் முழுக் கவனம் பெறலாயிற்று.

இந்தக் கேடயத்துக்கு எதிர்முனையில் நின்று சோதித்தவர் ஹங்கேரிய மருத்துவர் ஷாண்டோர் ஃபெரென்சி. தொழில்முறைப் போர்வையில் மறைந்திருக்கும் போலித்தனம் நோயாளியை மீண்டும் புண்படுத்துகிறது என்று கண்ட அவர், நோயாளியும் சிகிச்சையாளரும் முறைமாற்றி ஒருவரையொருவர் பகுப்பாய்வு செய்யும் வழியை மேற்கொண்டு, அந்த அனுபவத்தை 1932ஆம் ஆண்டு நாட்குறிப்பில் பதிவு செய்தார். மருத்துவர் மனத்தில் தோன்றுவதையெல்லாம் ஒரு நோயாளியிடம் ஒளிவின்றிச் சொன்னால் பிற நோயாளிகளின் இரகசியங்களும் வெளிப்படும் என்னும் இக்கட்டை அவரே எதிர்கொண்டார். அவருடைய நேர்மை போற்றத்தக்கது. ஆனால் துயரோடு வந்தவர்மீது மருத்துவரின் துயரையும் சுமத்தும் சமத்துவம் நோயாளிக்கு நீதியாகாது.

ஆணையிடுவதற்கும் எல்லைகள் கரைவதற்கும் இடைப்பட்ட வழியைத் தெளிவாக வகுத்தவர் அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் போர்டின். சிகிச்சையின் இலக்குகளில் உடன்பாடு, அவற்றை அடையும் பணிகளில் உடன்பாடு, இருவருக்குமிடையே நம்பிக்கைப் பிணைப்பு ஆகிய மூன்றும் சேர்ந்ததே சிகிச்சைக் கூட்டுறவு என்று 1979இல் அவர் விளக்கினார். 295 ஆய்வுகளையும் 30,000க்கும் மேற்பட்ட நோயாளிகளையும் உள்ளடக்கி 2018இல் வெளியான தொகுப்பாய்வு, இக்கூட்டுறவின் வலிமைக்கும் சிகிச்சைப் பயனுக்கும் இடையிலான ஒட்டுறவு ஏறத்தாழ 0.28 என்று கண்டது. பயன் ஆளுக்கு ஆள் வேறுபடுவதில் சுமார் 8 விழுக்காட்டையே இது விளக்கும் என்பதால் உறவே எல்லாம் என்று கூறிவிட முடியாது. எனினும் சிகிச்சை முறைகள் தம்முள் வேறுபட்டபோதும் இத்தொடர்பு பெரும்பாலும் நிலைத்திருப்பது கருதத்தக்கது.

இந்நிலையில், கட்டணமும் கால வரையறையும் அக்கறையைப் பொய்யாக்குவதில்லை. அதைக் காக்கும் வேலிகளாகவே அவை அமைகின்றன. பெற்ற அன்புக்குக் கைம்மாறாக அன்பையோ கீழ்ப்படிதலையோ நன்றியையோ செலுத்த வேண்டிய கடமையிலிருந்து நோயாளியைக் கட்டணம் விடுவிக்கிறது. குறித்த நேரம், அடுத்தவர் சலித்துவிடுவாரோ என்ற அச்சத்தைத் தணிக்கிறது. காதலோ வணிகமோ இவ்வுறவில் நுழையக்கூடாது என்ற விதியும், சிகிச்சையாளரின் தேவைகளுக்கு நோயாளி இரையாகாதிருப்பதற்காகவே ஏற்பட்டது.

வேலி மட்டும் போதாது. எந்த உறவிலும் போலவே இதிலும் பிணக்கு எழும். அதை வெளிப்படையாகப் பேசிச் சீர்செய்வதே சிகிச்சையின் பகுதி என்று உளவியலாளர் ஜெரமி சஃப்ரானும் அவருடன் பணியாற்றியவர்களும் நெடுங்காலம் வலியுறுத்தினர். ‘நீங்கள் என்னைத் தவறாகப் புரிந்துகொண்டீர்கள்’ என்று தம்மைவிட அதிகாரம் மிக்க ஒருவரிடம் சொல்லவும், அதற்காகத் தண்டிக்கப்படாமல் செவிமடுக்கப்படவும் ஒருவருக்கு வாய்க்குமானால், அவர் அதுவரை அறிந்திராத ஒரு சுதந்திரத்தை அங்கே பெறுகிறார். அச்சுதந்திரத்தைத் தராத சிகிச்சை, எவ்வளவு நுட்பமான கோட்பாட்டின்மீது எழுந்ததாயினும், நோயாளிக்கு இன்னுமோர் ஆதிக்கமாகவே முடியும்.