கூடி வாழ ஒரு விலை

யார் யாரோடு கூடி வாழலாம் என்று தீர்மானிக்கிற உரிமை எவன் கையில் இருக்கிறதோ, அவன் கையில்தான் அதிகாரம் இருக்கிறது. ஊருக்கும் சேரிக்கும் நடுவில் நின்று பார்த்தவர்களுக்கு இது புதுச் சேதி இல்லை. சாதியின் உயிர்நாடி அகமணம்தான் என்று 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்த கட்டுரையிலேயே அம்பேத்கர் நிறுவிவிட்டார். இங்கே கல்யாணத்துக்கு வேலி போடுவது ஊர். அரசாங்கமே வேலி போட்டால் எப்படியிருக்கும்? பிரிட்டனைப் பார்க்கலாம்.

பிரிட்டிஷ் அரசு யாரையும் கட்டிக்கொள்ளக் கூடாது என்று சொல்வதில்லை. 'தாராளமா கட்டிக்கோ, இங்க கூட்டிட்டு வரணும்னா காசக் காட்டு' என்கிறது. வெளிநாட்டுக் கணவனையோ மனைவியையோ அழைத்துக்கொள்ள, பிரிட்டனில் இருப்பவர் ஆண்டுக்கு 18,600 பவுண்டு சம்பாதிக்க வேண்டும் என்று 2012 ஜூலையில் விதி வந்தது. 2024 ஏப்ரலில் அதை 29,000 ஆக்கினார்கள். அதே மாதம் சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி மணிக்கு 11.44 பவுண்டு. வாரம் 40 மணி நேரம், ஆண்டு முழுக்க மாடாய் உழைத்தாலும் 23,800ஐத் தொடாது. முதியோர் இல்லத்தில் மலம் துடைப்பவளுக்கும் இரவெல்லாம் அலுவலகம் கூட்டுகிறவளுக்கும் புருசனோடு வாழ 'தகுதி' இல்லை. வங்கியில் 88,500 பவுண்டு போட்டு வைத்திருப்பவன் வேலைக்கே போகாவிட்டாலும் தகுதி உண்டு.

'இதுல நிறம் எங்க வந்துச்சு, எல்லாருக்கும் ஒரே விதிதானே?' என்று கேட்பார்கள். இதே குரலை நாம் இடஒதுக்கீட்டு விவாதத்தில் கேட்டிருக்கிறோம். விதி நிறத்தைக் கேட்காது. சம்பளத்தைக் கேட்கும். சம்பளம் குறைந்தவர்கள் யார்? பெண்கள், இளைஞர்கள், அரை நாள் வேலை பார்ப்பவர்கள், பாகிஸ்தானிய, வங்கதேச வம்சாவளியினர். கோட்டை ஒரே உயரத்தில் போட்டுவிட்டு, பள்ளத்தில் நிற்பவனைப் பார்த்து எட்டிப் பிடி என்பதுதான் இந்தச் சமத்துவம்.

நிறத்தை மறைக்கக் கற்றுக்கொள்வதற்கு முந்தைய கதையும் இருக்கிறது. 1979இல் ஹீத்ரோ விமான நிலையத்தில், மணம் முடிக்க வந்த ஓர் இந்தியப் பெண்ணை மருத்துவரை வைத்துக் 'கன்னிதானா' என்று சோதித்தார்கள். மணமாகாத இந்தியப் பெண் கன்னியாகத்தான் இருக்க வேண்டுமாம். மனுவின் புத்தியும் வெள்ளைக்காரன் புத்தியும் ஒரு பெண்ணின் உடம்பில் சந்தித்துக்கொண்ட இடம் அது. செய்தி வெளியாகி நாறிய பிறகுதான் நிறுத்தினார்கள். 1980களில் இன்னொரு விதி: பிரிட்டனுக்குள் நுழைவது இந்தக் கல்யாணத்தின் முதன்மை நோக்கம் இல்லை என்று விண்ணப்பிப்பவரே நிரூபிக்க வேண்டும். இல்லாத நோக்கத்தை எப்படி நிரூபிப்பது? பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதுதானே உங்கள் வழக்கம், நீ ஏன் பெண்டாட்டி ஊருக்குப் போகிறாய் என்று அதிகாரிகள் மடக்கினார்கள். நம் ஆணாதிக்கத்தையே நமக்கு எதிரான சாட்சியாக நிறுத்தினார்கள். 1997இல்தான் அந்த விதி ஒழிந்தது.

கணவர்களை அழைக்க அனுமதி மறுக்கப்பட்ட மூன்று பெண்கள் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் போனார்கள். 1985இல், இது பால் பாகுபாடு என்று தீர்ப்பு வந்தது. பிரிட்டன் என்ன செய்தது தெரியுமா? பெண்களுக்குக் கதவைத் திறக்கவில்லை, ஆண்கள் மனைவியரை அழைப்பதையும் இறுக்கியது. கிணற்றில் எல்லாரும் தண்ணீர் எடுக்கலாம் என்று தீர்ப்பு வந்தால் கிணற்றையே மூடுகிற ஊர்களை நமக்குத் தெரியும்.

யாரை உள்ளே விடுவது என்று முடிவு செய்ய ஒரு நாட்டுக்கு உரிமை இல்லையா? இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. ஆனால் இங்கே வாசலில் நிற்பவரை மட்டும் பார்த்தால் பாதி உண்மைதான் தெரியும். தண்டிக்கப்படுபவர் வீட்டுக்குள் இருக்கிற குடிமகள். அவளைப் பார்த்து, 'பெண்டாட்டியா வாழணும்னா நாட்ட விட்டுப் போ. நாட்டுல வாழணும்னா தனியா கெட' என்கிறது அரசு. பொதுப்பணத்துக்குச் சுமை என்பார்கள். துணையாக வருபவர் அரசு உதவித்தொகை பெற முடியாது என்று விசாவிலேயே நிபந்தனை உண்டு. மருத்துவத்துக்கென்று தனிக் கட்டணமும் முன்கூட்டியே வசூலாகிறது. 2024 பிப்ரவரியில் அது ஆண்டுக்கு 1,035 பவுண்டாக உயர்ந்தது. 2017இல் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் வருமான விதியைக் கொள்கையளவில் ஏற்றது. ஆனால் குழந்தைகளின் நலனை விதிகள் கணக்கில் எடுக்கவில்லை என்றும் சொன்னது. அப்பனைக் கைபேசித் திரையில் மட்டும் பார்த்து வளர்கிற பிள்ளை எந்தக் குற்றம் செய்தது?

உள்ளே வந்த பிறகும் விடுதலை இல்லை. விசா துணையின் பெயரில் தொங்குகிறது. அடிக்கிற புருசனை விட்டு வெளியேறினால் நாட்டை விட்டும் வெளியேற வேண்டும் என்ற நிலை இருந்தது. தாலிக்குப் பதில் விசா. 1979இல் தொடங்கிய சவுத்தால் பிளாக் சிஸ்டர்ஸ் போன்ற பெண்கள் அமைப்புகள் விடாமல் போராடியதால், 1999இல் ஒரு சலுகையாகவும் 2002இல் விதியாகவும் அத்தகைய பெண்களுக்கு வழி பிறந்தது. ஆசிய, ஆப்பிரிக்க, கரீபியப் பெண்கள் 'கறுப்பர்' என்ற ஒரே பெயரில் சேர்ந்து நின்றது அந்த அமைப்பு.

அந்த ஒற்றுமை இன்று எங்கே? 2023 டிசம்பரில் இந்த வருமான உயர்வை அறிவித்தபோது பிரதமர் ரிஷி சுனக். உள்துறை அமைச்சர் ஜேம்ஸ் கிளவர்லியின் தாய் சியரா லியோனிலிருந்து வந்தவர். ஏறி வந்த ஏணியை எட்டி உதைப்பது எந்த நிறத்துக்கும் விலக்கல்ல. சாதி விசயத்தில் இன்னும் கேவலம். சாதிப் பாகுபாட்டைச் சமத்துவச் சட்டத்தில் சேர்க்க வேண்டும் என்று 2013இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் முடிவெடுத்தது. அங்குள்ள இந்து அமைப்புகள் முட்டுக்கட்டை போட்டன. 2018இல் அரசு கைவிரித்தது. வெள்ளையன் தன்னை நிறம் பார்த்து ஒதுக்குகிறான் என்று கொதிக்கிறவர், பிள்ளைக்கு வரன் தேடும்போது மட்டும் சாதிப் பெயர் கேட்கிறார்.

ஆகவே விசாக் கோட்டை எதிர்க்கிறவர் தன் வீட்டுக்குள் இருக்கிற கோட்டையும் சேர்த்து அழிக்க வேண்டும். சம்பளம் பார்த்துக் குடும்பத்தைப் பிரிக்க அரசுக்கு உரிமையில்லை என்று சொல்வோம். சாதி பார்த்துப் பிரிக்க அப்பனுக்கும் ஊருக்கும் உரிமையில்லை என்பதையும் அதே மூச்சில் சொல்வோம். முதல் வாக்கியத்துக்குக் கைதட்டிவிட்டு இரண்டாவதுக்கு மௌனமாகிற ஆளை நம்ப வேண்டாம்.