மூணே முக்கால் வட்டி

அக்கா மகளுக்கு முதல் கிரெடிட் கார்டு தபாலில் வந்த அன்று, அது நேராகப் பூஜை அறைக்குப் போனது. கார்டின் ஓரத்தில் மஞ்சளும் குங்குமமும் வைத்து, வெள்ளிக்கிழமை நல்ல நேரம் பார்த்து எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டாள் அக்கா. கார்டோடு வந்த நிபந்தனைத் தாள் மடிப்புக் கலையாமல் சோபாவில் கிடந்தது. ராகு காலம் எத்தனை மணிக்கு என்று அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். வட்டி எந்தத் தேதியிலிருந்து ஓடும் என்று யாருக்கும் தெரியாது.

நான் தாளை எடுத்துப் படித்தேன். மாதம் 3.75 சதவீதம் என்று இருந்தது. அதை அப்படியே சொன்னபோது அக்கா முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. "அக்கா, மூணே முக்கால் வட்டி" என்றேன். கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள்.

நம் ஊரில் வட்டிக்கு என்று ஒரு பேச்சு இருக்கிறது. நூறு ரூபாய்க்கு மாதம் எத்தனை ரூபாய் என்பதே கணக்கு. ஒரு வட்டி என்றால் சொந்தக்காரன் கொடுப்பது. ரெண்டு வட்டி என்றால் பொறுத்துக்கொள்ளலாம். மூணு வட்டிக்கு வாங்கினால் வீட்டில் சண்டை வரும். அஞ்சு வட்டிக்காரனை நாம் மனிதனாகவே மதிப்பதில்லை. மூணே முக்கால் வட்டியின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டியையும் சேர்த்தால் கிட்டத்தட்ட நாலரை வட்டி. ஊர்ப்பேச்சில் சொன்னால் நடுங்கவைக்கிற தொகை, பளபளக்கும் அட்டையில் வரும்போது கௌரவமாகிவிடுகிறது. இந்த மயக்கத்தைத்தான் நான் மூடநம்பிக்கை என்கிறேன். குங்குமம் வைத்தது அதில் சின்னப் பகுதி.

கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். ஒரு பையன் 50,000 ரூபாய்க்குப் பொருள் வாங்குகிறான். பில் வருகிறது. அதில் 'குறைந்தபட்சத் தொகை' என்று 2,500 ரூபாய் கொட்டை எழுத்தில் இருக்கிறது. அதைக் கட்டிவிட்டு, கடமை முடிந்தது என்று நினைக்கிறான். மீதி 47,500. அதற்கு ஒரு மாத வட்டி 1,781 ரூபாய், ஜிஎஸ்டி 320 ரூபாய், ஆகச் சுமார் 2,100. கட்டியது 2,500, திரும்பி ஏறியது 2,100. கடன் குறைந்தது வெறும் 400 ரூபாய். இதைவிடக் கொடியது இன்னொன்று உண்டு. பழைய பாக்கி இருக்கும்வரை, புதிதாக வாங்கும் பொருளுக்கு வட்டியில்லா நாட்கள் கிடையாது. அடுத்த நாள் வாங்கிய பாலுக்கும் மாத்திரைக்கும் வாங்கிய தேதியிலிருந்தே வட்டி ஓடும். தாமதமாகக் கட்டவில்லை, ஒழுங்காகக் 'கட்டிக்கொண்டுதான்' இருக்கிறான், ஆனாலும் மூழ்குகிறான். ஏடிஎம்மில் அந்த அட்டையைப் போட்டுப் பணம் எடுத்தால் அந்த நிமிடமே கட்டணம், அன்றே வட்டி.

இனி சட்டத்துக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் 2003இல் கந்துவட்டித் தடைச் சட்டம் வந்தது. மீட்டர் வட்டி, தண்டல், நாள் வட்டி எல்லாவற்றையும் பெயர் சொல்லித் தடுத்த சட்டம் அது. மீறினால் சிறை. அந்தச் சட்டம் இருந்தும், 2017 அக்டோபரில் நெல்லை ஆட்சியர் அலுவலகத்தில் கந்துவட்டிக் கொடுமையால் ஒரு குடும்பமே தீயில் கருகியது. அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் யாரும் மறந்திருக்க முடியாது. கந்துவட்டியை எதிர்க்காத கட்சி இங்கே இல்லை. ஆனால் வங்கியின் வட்டியை அந்தச் சட்டம் அளப்பதில்லை. வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தில் 1984இல் சேர்த்த 21ஏ பிரிவு, வட்டி மிக அதிகம் என்ற காரணத்துக்காக மட்டும் நீதிமன்றம் வங்கிக் கடன் கணக்கைத் திரும்பத் திறக்கக் கூடாது என்கிறது. 2008இல் தேசிய நுகர்வோர் ஆணையம், கிரெடிட் கார்டுக்கு ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்குவது நியாயமற்ற வணிகம் என்று தீர்ப்புச் சொன்னது. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. வட்டி விகிதம் ரிசர்வ் வங்கியின் பொறுப்பு, ஆணையத்தின் வேலை அல்ல என்பது தீர்ப்பின் சாரம். சட்டப்படி அது சரியாகவே இருக்கட்டும். நான் கேட்பது அறம். வங்கிக்காரர் மிரட்ட வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலில் நிற்பதில்லை, அது பெரிய வித்தியாசம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரே விகிதம் ஓர் இடத்தில் பாவமாகவும் இன்னோர் இடத்தில் சேவையாகவும் எப்படி ஆகும்?

அத்தானுக்கு இந்தப் பேச்சு மிகவும் பிடித்துப்போனது. "அதான் நான் சொன்னேன், கடன் அட்டை வீட்டுக்குள்ள வந்தா மானம் வெளிய போயிடும்" என்றார். அவரோடும் எனக்கு உடன்பாடு இல்லை. இதே பிள்ளை பெரியவளானபோது மண்டபம் பிடித்து, முந்நூறு பேருக்குப் பந்தி போட்டு, மூணு வட்டிக்கு வாங்கியவர் அவர். அடைக்க நான்கு வருடம் ஆயிற்று. ஒரு பெண்ணின் உடல் வளர்ந்ததை ஊருக்கு அறிவிக்க வாங்கிய கடன் மானம், அவளே தன் சம்பளத்தை நம்பித் தன் கையெழுத்தில் வாங்கும் கடன் அவமானம் என்றால், அந்த மானத்தின் அளவுகோல் யாருடையது? 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சமச் சொத்துரிமை கேட்டது. அது சட்டமாக 1989 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சொத்து இல்லாதவளுக்கு ஈடு இல்லை, ஈடு இல்லாதவளுக்குக் கடனும் இல்லை என்று அறுபது ஆண்டுகள் ஓடின. அப்பா பெயரோ புருஷன் பெயரோ இல்லாமல் ஒரு பெண் தன் பெயரில் நம்பகத்தைச் சேர்ப்பதை நான் ஒருபோதும் இழிவாகப் பேச மாட்டேன்.

அந்த நம்பகத்துக்கு இன்று ஓர் எண் இருக்கிறது. சிபில் ஸ்கோர், 300 முதல் 900 வரை. சிலர் இதை நவீன ஜாதகம் என்கிறார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். ஜாதகம் பிறந்த நிமிடத்தைப் பார்க்கிறது, இது நடந்துகொண்டதைப் பார்க்கிறது. ஊரில் கடன் கேட்டுப் போனால் "யார் வீட்டுப் பையன்?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குள் சாதி இருக்கும். இந்த எண் அதைக் கேட்பதில்லை. ஆனால் ஒரு பழுது இருக்கிறது. வாழ்நாளில் கடனே வாங்காதவருக்கு அங்கே பதிவு இல்லை, மைனஸ் ஒன்று என்றுகூடக் காட்டும். கடன் வாங்காமல் நேர்மையாக வாழ்ந்தவர் அந்தப் பதிவேட்டில் பிறக்கவே இல்லை. முதன்முறை கடன் கேட்பவரை வரலாறு இல்லை என்பதற்காக மட்டும் நிராகரிக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குச் சொல்லியிருக்கிறது. நடைமுறையில் அக்கா மகளுக்குச் சம்பளக் கணக்கு இருந்த வங்கியே முதலில் முடியாது என்றது. காரணம் சொல்லவில்லை.

நிராகரித்ததும் அவள் வயதில் எல்லோரும் செய்வது, வரிசையாக ஐந்து வங்கிகளுக்கு விண்ணப்பம் போடுவது. அது தவறு. ஒவ்வொரு விசாரணையும் பதிவாகும், பணத்துக்குத் தவிக்கிற ஆள் என்று தோன்றும். அப்பாவின் கார்டில் கூடுதல் அட்டை வாங்கலாம், ஆனால் பொறுப்பும் பெயரும் பெரும்பாலும் அப்பாவுடையதாகவே இருக்கும். அவள் 20,000 ரூபாயை நிரந்தர வைப்பில் போட்டு, அதை ஈடாக வைத்து ஒரு கார்டு வாங்கினாள். பதினெட்டு வயது முடிந்து, பான், ஆதார் இருந்தால் இந்த வழியில் சம்பளச் சீட்டுகூடப் பெரும்பாலும் தேவைப்படாது. வைப்பில் முக்கால் பங்கோ அதற்கு மேலோ வரம்பாகக் கிடைக்கும், வைப்புக்கு வட்டியும் வரும். தானியங்கிக் கட்டணத்தில் 'முழுத் தொகை' என்பதைத் தேர்ந்தெடுக்க வைத்தேன். பக்கத்திலேயே 'குறைந்தபட்சம்' என்ற பொத்தானும் இருக்கிறது. கேட்காமல் ஒரு வங்கி கார்டு அனுப்பக் கூடாது, கேட்காமல் வரம்பை உயர்த்தக் கூடாது, மூடச் சொன்னால் பாக்கி இல்லாத கணக்கை 7 வேலை நாட்களில் மூட வேண்டும், தவறினால் நாளுக்கு 500 ரூபாய் வாடிக்கையாளருக்குத் தர வேண்டும். ரிசர்வ் வங்கியின் 2022 விதிகளிலேயே இவை இருக்கின்றன. ஆண்டுக்கு ஒருமுறை கடன் அறிக்கையை இலவசமாகக் கேட்டுப் பார்க்கலாம். இதையெல்லாம் பிளஸ் டூ பாடத்தில் வைத்திருக்க வேண்டும்.

முழுத் தொகையையும் தேதிக்குள் கட்டுகிறவருக்கு ஒரு பைசா வட்டி இல்லை. நாற்பத்தைந்து நாள் வரை இலவசக் கடன், கூடவே பாயிண்ட்ஸ், கேஷ்பேக். அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது? ஒரு பகுதி, கடைக்காரரிடம் ஒவ்வொரு தேய்ப்புக்கும் வங்கி பிடித்துக்கொள்ளும் கட்டணம். அவர் அதை விலையில் ஏற்றுகிறார், ரொக்கம் கொடுத்து வாங்கும் சித்தாளும் அதே விலை கொடுக்கிறார். இன்னொரு பகுதி, நாலரை வட்டி கட்டிக்கொண்டிருக்கும் அந்தப் பையன். பாக்கியைச் சுழற்றிக்கொண்டே இருப்பவரை அந்தத் தொழிலில் 'ரிவால்வர்' என்பார்கள். ஒழுங்கானவரின் விமான நிலையக் காப்பிக்கு ஒழுங்கில்லாதவர் பணம் கட்டுகிறார் என்று சொல்லி நாம் தேற்றிக்கொள்கிறோம். அவர் ஒழுங்கில்லாதவரா, அந்த மாதம் அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தவரா என்று நாம் விசாரிப்பதில்லை. அவர் துன்பத்திலிருந்து எனக்கு ஒரு பங்கு வருகிறது என்று தெரிந்த பிறகு, அதை என் சாமர்த்தியம் என்று என்னால் சொல்லிக்கொள்ள முடியவில்லை.

அக்கா மகளின் அலுவலகத்தில் கழிவறை சுத்தம் செய்யும் பெண் ஒருவர் இருக்கிறார். ஒப்பந்தக்காரர் வழியாக வேலை, சம்பளம் கையில், சீட்டு கிடையாது. மகள் கல்லூரி சேர்கிறாள், போன் வேண்டும், 9,000 ரூபாய். வெளியில் அஞ்சு வட்டி சொன்னார்கள். "உன் கார்டுல போட்டுக் குடும்மா, மாசாமாசம் தந்துடறேன்" என்று இவளிடம் கேட்டார். என்னிடம் யோசனை கேட்டாள். கொடுக்காதே என்றேன், தன் பெயரில் அடுத்தவருக்குக் கடன் வாங்குவது எத்தனை ஆபத்து என்று பத்து நிமிடம் விளக்கினேன். "நீங்கதானே மாமா அஞ்சு வட்டிக்காரன மனுஷனே இல்லேன்னு சொன்னீங்க" என்றாள். ஆறு மாதத் தவணையில் போட்டுக் கொடுத்தாள்.

ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதிக்குள் 1,500 ரூபாய் அவள் மேசைக்கு வந்தது. ஒரு மாதம் மழையில் நனைந்த நோட்டாக, ஒரு மாதம் பாதி சில்லறையாக. ஒரு நாள்கூடத் தவறவில்லை. போன வாரம் இவள் தன் கடன் அறிக்கையை எடுத்துக் காட்டினாள். ஆறு மாதமும் தவறாமல் கட்டப்பட்டதாகப் பதிவாகியிருக்கிறது, ஸ்கோர் 750ஐத் தாண்டியிருக்கிறது. எல்லாம் என் அக்கா மகளின் பெயரில்.