அதிக விலைக்குக் கேட்டவர்

திருமுருகன்பூண்டியில் நடந்த வழிப்பறி பக்தி உலகில் ரொம்பப் பிரசித்தம். சேரமான் பெருமாள் கொடுத்த பொன்னோடு வந்த சுந்தரரை, சிவனின் பூதகணங்களே வேடர் வேஷத்தில் மறித்துப் பறித்துக்கொண்டன. அவர் பதிகம் பாடியதும் எல்லாம் திரும்பி வந்தன. கையைவிட்டுப் போனதற்காக ஒருவர் சிவனிடமே நியாயம் கேட்ட ஊர்!

அந்த வட்டாரத்துக் கல்லூரி ஒன்றுக்குப் போயிருந்தேன். லேப் வராந்தாவில் நூற்றுச் சொச்சம் கம்ப்யூட்டர்கள் தூசியோடு கிடந்தன. பாதிக்கு மேல் நன்றாக ஓடக்கூடியவை. 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு விண்டோஸ் 10-ஐ மைக்ரோசாஃப்ட் கைகழுவிவிட, புது விண்டோஸ் ஏறாத பெட்டிகள் ஒரே நாளில் 'பழசு' ஆகிவிட்டன. கணக்குப் புத்தகத்தில் ஒவ்வொன்றின் மதிப்பும் ஒரு ரூபாய். (பி.காம். படித்தவன் என்பதால் எனக்கு அந்த ஒரு ரூபாய் மேல் எப்போதும் ஒரு பரிதாபம்.)

இரண்டு பேர் விலை கேட்டிருந்தார்கள். ஒருவர், அரசிடம் பதிவு பெற்ற மறுசுழற்சி நிறுவனத்துக்காரர். இன்னொருவர் பழைய இரும்புக் கடைக்காரர். அவர் சொன்ன விலை இரண்டு மடங்கு. "எடை போட்டதும் கையில காசுங்க. வண்டிகூட நம்மளுதுதானுங்க!"

துறைத் தலைவி தவித்தார். "இவருக்குக் கொடுத்தா எங்கே போகும்னு தெரியும் சார். ஆனா, 'ஏன் கம்மி விலைக்கு வித்தீங்க'ன்னு ஆடிட்ல கேட்பாங்களே?" முதல்வர் வேறு கணக்குச் சொன்னார். "அந்தக் காசுல ரெண்டு ஏழைப் பசங்களுக்கு ஃபீஸ் கட்டலாமே..." நியாயம்தான். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை.

ஆனால், அந்த இரண்டு மடங்கு எப்படிக் கட்டுப்படியாகிறது? கைமாறிக் கைமாறி எங்கோ ஒரு கொல்லையில் ஒயரைக் கொளுத்திச் செம்பு எடுப்பார்கள். போர்டை ஆசிட்டில் முக்கித் தங்கம் தேடுவார்கள். மிச்ச ஆசிட் சாக்கடைக்கு. புகை வடிகட்டி, கழிவுநீர்ச் சுத்திகரிப்பு, முகமூடி... எதற்கும் செலவில்லை. பித்தளைப் பாத்திரத்துக்குப் பேர்போன மொரதாபாத்தில் இந்தத் தொழில் பரவி, ராமகங்கைக் கரையெல்லாம் கறுப்புச் சாம்பல். 2017-ல் பசுமைத் தீர்ப்பாயமே தலையிட வேண்டியிருந்தது. ஒழுங்காகச் செய்கிறவர் அத்தனை செலவையும் கழித்துவிட்டுத்தான் விலை சொல்ல முடியும். அப்படியானால் அந்த இரண்டு ஃபீஸையும் கட்டுவது யார்? கொல்லையில் புகையை இழுக்கும் ஏதோ ஒரு பையன். இரும்புக் கடைக்காரரைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை. அதிக விலைக்கே விற்க வேண்டும் என்ற விதி நம்முடையது.

இந்தக் கணக்கு திருப்பூர்க்காரர்களுக்குத் தெரியாததா? சாயத் தண்ணீரை நொய்யலில் விட்ட காலத்தில் சாயக்கூலி மலிவு. பாசனத்துக்குக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தொட்டியானது. அணையைத் திறக்காதீர்கள் என்று விவசாயிகளே கெஞ்சினார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும் ஊரே ஆடிப்போனது. பைசா பைசாவாகப் பேரம் பேசும் வெளிநாட்டு பையர், சாயத் தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்டாரா என்று அன்று நாம் பொருமினோம். இன்று அதே நாற்காலியில் கல்லூரி உட்கார்ந்திருக்கிறது.

சட்டம் இல்லாமல் இல்லை. மின்னணுக் கழிவு விதிகள் 2012 மே முதல் அமலில் இருக்கின்றன. 2023 ஏப்ரலில் புது விதிகளும் வந்தன. ஆனால், 'மொத்தப் பயனாளர்' என்று அவை பிடிப்பது ஆயிரம் கருவிகளாவது வைத்திருப்பவர்களைத்தான். இந்தக் கல்லூரி அதற்குள் வராது.

துறைத் தலைவி ஒரு காரியம் செய்தார். ஓடுகிற பெட்டிகளில் சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸை ஏற்றினார். கம்ப்யூட்டர் தன் ஆயுளில் சுற்றுச்சூழலுக்குச் செய்யும் கெடுதலில் கணிசமான பகுதி, ஃபேக்டரியைவிட்டு வெளியே வருவதற்கு முன்பே நடந்துவிடுகிறது. அதனால் பழசை இன்னும் நாலு வருஷம் ஓட்டுவதே பெரிய புண்ணியம். "இன்டர்வியூல விண்டோஸ்தானே கேப்பாங்க மேடம்?" என்று பசங்க முனகுகிறார்கள்.

செத்த பெட்டிகள் இன்னும் வராந்தாவில்தான். குறைந்த விலைக்காரருக்கே கொடுக்கலாம் என்று ஃபைலில் ஒரு பக்கக் குறிப்பு எழுதி வைத்திருக்கிறார். நொய்யலில் ஆரம்பிக்கிறது குறிப்பு. முதல்வர் இரண்டு தடவை படித்தாராம். கையெழுத்து இன்னும் விழவில்லை.