வெள்ளிக்கிழமை மதியம்

நாடாளுமன்றத்தில் அமைச்சர் அல்லாத உறுப்பினர்கள் கொண்டுவரும் தனிநபர் மசோதாக்களுக்கு வெள்ளிக்கிழமை மதியம்தான் நேரம். உறுப்பினர் பேசுவார், அமைச்சர் எழுந்து, அரசே கவனிக்கும், திரும்பப் பெறுங்கள் என்பார், அவரும் திரும்பப் பெற்றுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். சடங்கு மாதிரி. 1970-க்குப் பிறகு எந்தத் தனிநபர் மசோதாவும் சட்டமானதில்லை.

2015 ஏப்ரல் 24 அன்று மாநிலங்களவையில் உறுப்பினர் திருச்சி சிவா அப்படி உட்காரவில்லை. தன் திருநர் உரிமை மசோதாவை வாக்கெடுப்புக்கு விடச் சொல்லி நின்றார். கேட்க அவருக்கு உரிமை உண்டு. பலர் கேட்பதில்லை, அவ்வளவுதான். குரல் வாக்கெடுப்பில் ஒருமனதாக நிறைவேறியது. பேச்சைவிட அந்த அடம்தான் காரியம் சாதித்தது என்பேன்.

மக்களவையில் எண்ணிக்கை அரசின் கையில். அங்கே அந்த மசோதா நிறைவேறவே இல்லை. 2019-இல் சட்டமானது, அதே பொருளில் அரசு கொண்டுவந்த வேறொரு மசோதா.