நாற்பது லிட்டர் கடல்: தாங்குதலும் உடைமையும்

நாற்பது லிட்டர் மட்டுமே கொள்ளும் ஒரு கண்ணாடித் தொட்டியில் உப்புநீரை நிரப்பி, மணலும் பாறையும் இட்டு, அதில் பவள உயிர்களையும் ஒன்றிரண்டு சிறு மீன்களையும் வாழவைக்கும் வழக்கம் இன்று உலகின் பல நகரங்களில் பரவியிருக்கிறது. பொழுதுபோக்கு என்ற பெயரில் அதை ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் தானாக ஒரு வாரம்கூட நிலைக்க இயலாத ஓர் உலகை ஒருவர் தம் விருப்பத்தால் உண்டாக்கி, அதை நாள்தோறும் தாங்கி நிற்கிறார் என்ற அளவில், சமய மெய்யியல் நெடுங்காலம் ஆராய்ந்துவந்த ஒரு வினா அத்தொட்டியைச் சுற்றியும் எழுகிறது. ஒன்றைத் தாங்குபவர், தாங்குகிறார் என்பதனாலேயே அதற்கு உடையவர் ஆகிவிடுவாரா?

இவ்வினாவை அணுகுவதற்கு இராமானுசர் வகுத்த ஓர் இலக்கணம் பெரிதும் துணைசெய்கிறது. உலகமும் உயிர்களும் இறைவனுக்கு உடலாக அமைந்தவை என்பது விசிட்டாத்துவைதத்தின் அடிப்படைக் கொள்கை. அதை நிலைநாட்டும்போது, உடல் என்பது கையும் காலும் கொண்ட உருவம் என்ற வழக்கமான பொருளை விலக்கி, பிரம்ம சூத்திரத்துக்கு எழுதிய ஸ்ரீபாஷ்யத்தில் அவர் மூன்று அடையாளங்களைச் சொல்கிறார். ஓர் அறிவுப்பொருளால் தாங்கப்படுதல், அதனால் ஏவி நடத்தப்படுதல், அதன் பொருட்டே இருத்தல் என்பவை அவை. இவற்றுள் மூன்றாவதைச் சேஷத்துவம் என்று வைணவ நூலோர் வழங்குவர். பிறிதொன்றுக்கு உரியதாய், அதற்குச் சிறப்புச் சேர்ப்பதையே தன் இயல்பாகக் கொண்டிருத்தல் என்பது அதன் விளக்கம். மூன்றும் குறைவின்றிப் பொருந்தவேண்டும் என்பதில் இராமானுசர் உறுதியாக இருந்தார். அந்த உறுதியே இறைவனை மற்ற எல்லாக் காவலரிடமிருந்தும் பிரித்துக் காட்டுவது. சிறு கடற்தொட்டியை இம்மூன்று அடையாளங்களாலும் அளந்து பார்த்தால், மனிதக் காவல் எந்த இடத்தில் நின்றுவிடுகிறது என்பது தெளிவாகத் தெரியும்.

முதல் அடையாளமாகிய தாங்குதல் இங்கே ஐயத்துக்கு இடமின்றிப் பொருந்துகிறது. கடல்நீரில் ஒரு லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு கரைந்திருக்கிறது. அந்த அளவு சிறிதே மாறினால் மட்டுமே பவள உயிர்கள் பொறுத்துக்கொள்ளும். தொட்டியிலிருந்து நீர் ஆவியாகும்போது உப்பு உடன்போவதில்லை. நாளொன்றுக்கு அரை லிட்டர் வீதம் நான்கு நாள் ஆவியானால், நாற்பது லிட்டர் முப்பத்தெட்டு லிட்டராகக் குறைந்து, உப்பின் அளவு 35 கிராமிலிருந்து 36.8 கிராமாக உயர்ந்துவிடுகிறது. அதே இரண்டு லிட்டர் நானூறு லிட்டர் தொட்டியில் குறைந்திருந்தால் மாற்றம் கால் கிராமைக்கூட எட்டியிருக்காது. பெரிய தொட்டியைவிடச் சிறிய தொட்டியே பராமரிக்கக் கடினமானது என்று இத்துறையில் பழகியவர்கள் சொல்வதன் காரணம் இதுதான். நீரின் கொள்ளளவு குறையக் குறையப் பிழைக்கு இடம்கொடுக்கும் தாராளமும் குறைகிறது. குறைந்த நீரை ஈடுசெய்ய உப்புநீரை ஊற்றக்கூடாது, உப்பில்லாத தூய ஆர்.ஓ. நீரையே ஊற்றவேண்டும் என்பது தொடக்க நிலையில் பலர் தவறவிடும் விதி. தொட்டியின் பக்கக் கண்ணாடியில் நீர்மட்டத்துக்கு ஒரு கோடு இட்டு, காலையில் அக்கோட்டுக்குக் கீழே விரற்கடை இறங்கியிருக்கும் நீரை அதே கோடுவரை மெல்ல நிரப்பும் செயலில், காத்தல் என்பது ஒருமுறை செய்து முடிக்கப்படுவதன்று, இடைவிடாது நிகழவேண்டியது என்னும் மெய்யியல் கருத்து கண்ணெதிரே நிகழ்கிறது. வெப்பநிலையும் அப்படியே. 24 முதல் 27 பாகை செல்சியசுக்குள் நீர் இருக்கவேண்டும் என்பதால், குளிர்நாடுகளில் ஹீட்டரும் சென்னை போன்ற ஊர்களில் நீரைக் குளிர்விக்கும் சில்லரும் தேவைப்படுகின்றன. நீண்ட மின்வெட்டில் நீரோட்ட மோட்டார் நின்றால் நீரில் கரைந்த உயிர்வளி குறைந்து, சில மணி நேரத்திலேயே உயிர்கள் திணறத் தொடங்குகின்றன.

இரண்டாம் அடையாளத்துக்கு வரும்போது நிலைமை மாறுகிறது. தொட்டியை நிறுவுபவர் விளக்கை ஏற்றலாம், அணைக்கலாம், உப்பை அளந்து கலக்கலாம். ஆனால் அத்தொட்டியை உண்மையில் வாழத்தக்கதாக்கும் நுண்ணுயிர்களை அவரால் ஏவ முடியாது. மீனின் கழிவிலிருந்தும் அழுகும் பொருளிலிருந்தும் வெளிப்படும் அம்மோனியா நச்சுத்தன்மை உடையது. ஒருவகைப் பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றுகிறது. அதுவும் நச்சே. வேறொரு வகை அந்த நைட்ரைட்டைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாக மாற்றுகிறது. இந்தச் சுழற்சி நிலைபெற வழக்கமாக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகின்றன. அதுவரை தொட்டியில் தெளிந்த நீரும் வெற்றுப் பாறையும் மட்டுமே இருக்க, நிறுவியவர் சோதனைக் குழாயின் நிறத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருப்பதைத் தவிர வேறு செய்வதற்கு அதிகம் இல்லை. முன்பு இச்சுழற்சியைத் தொடங்கிவைக்க, வலிமையான ஒரு சிறு மீனை முதலிலேயே விட்டு, அது அந்த நச்சில் நீந்தித் தப்பிப்பிழைக்கிறதா என்று பார்க்கும் பழக்கம் இருந்தது. இன்று தோலுரித்த இறால் துண்டொன்றையோ சில துளி அம்மோனியாவையோ இட்டே அதைத் தொடங்கிவிட முடிகிறது. துன்பம் தவிர்க்கக்கூடியதாக இருந்தும் அதைத் தவிர்க்காத அந்தப் பழைய முறையை எந்த அறநூலும் ஏற்றிருக்காது.

ஏவாமலே வந்துசேரும் உயிர்களும் உண்டு. கடலிலிருந்து எடுத்த பாறையின் துளைகளில் புழுக்களும் நத்தைகளும் கடற்பாசிகளும் ஒளிந்திருந்து, வாரங்கள் கழித்து வெளிவருகின்றன. 1960களின் தொடக்கத்தில் ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் என்பவர் இத்தகைய உயிர்ப்பாறையையே தொட்டியின் இயற்கை வடிகட்டியாகப் பயன்படுத்தும் முறையை எழுதி வெளியிட்டார். அவ்வாறு வருபவற்றுள் ஐப்டேசியா என்னும் சிறு கடற்சாமந்தி, பழுப்பு நிறத்தில் கண்ணாடிபோன்ற மெல்லிய உணர்கொம்புகளை விரித்து நிற்பது. பார்வைக்கு அழகானது, ஆனால் பக்கத்திலுள்ள பவளங்களைக் கொட்டிச் சிதைப்பது. கிள்ளியெறிந்தால் எஞ்சும் ஒவ்வொரு துணுக்கும் புதிய உயிராய் வளரும் என்பதால், கெட்டியான சுண்ணாம்புக் குழம்பைச் சிரிஞ்சில் எடுத்து, அது விரிந்து நிற்கும் நேரம் பார்த்து, நடுவிலுள்ள வாய்க்குள் செலுத்துகிறார்கள். சில நொடிகளில் அது வெள்ளைக் குழம்புக்கு அடியில் சுருங்கிவிடுகிறது. காத்தல் ஓரிடத்தில் அழித்தலாகவும் இருக்கவேண்டியிருக்கிறது என்பதைச் சைவ சித்தாந்தம் இறைவனின் ஐந்தொழில்களை ஒன்றோடொன்று பிணைத்துக் கூறுவதன் மூலம் ஏற்றுக்கொள்கிறது. ஆனால் இறைவனின் ஐந்தொழிலும் உயிர்களைப் பிணிக்கும் மலம் நீங்குவதற்காக நிகழ்பவை, அவனுக்கென்று ஒரு பயனை நாடி நிகழ்பவை அல்ல என்பதே அக்கொள்கையின் உயிர்நாடி. சிரிஞ்சைப் பிடித்திருக்கும் கைக்கு அந்தச் சமாதானம் கிடையாது. எந்த உயிர் இருக்கலாம் என்று அது தீர்மானிப்பது, தான் காண விரும்பிய காட்சியை ஒட்டியே.

இந்த இடத்தில்தான் மூன்றாம் அடையாளம் முழு எடையோடு எதிர்ப்படுகிறது. பவள உயிர் யார் பொருட்டு இருக்கிறது? பவளம் என்று ஒரே பொருளாகத் தோன்றுவது, பாலிப் எனப்படும் மெல்லுடல் விலங்குகள் ஆயிரக்கணக்கில் சேர்ந்த கூட்டம். ஒவ்வொரு பாலிப்பும் நீரிலுள்ள கால்சியத்தையும் கார்பனேட்டையும் கொண்டு தனக்கடியில் சுண்ணாம்புக் கிண்ணம் ஒன்றைக் கட்டிக்கொள்கிறது. அதன் உடற்செல்களுக்கு உள்ளேயோ சூசாந்தெல்லே எனப்படும் ஒற்றைச்செல் பாசிகள் குடியிருந்து, ஒளியிலிருந்து உணவைச் செய்து, அதன் பெரும்பகுதியைத் தாம் தங்கியிருக்கும் விலங்குக்கே தருகின்றன. விலங்கு அவற்றுக்கு இடத்தையும் கரியமில வாயுவையும் தன் கழிவிலுள்ள சத்துகளையும் தருகிறது. நீரின் வெப்பம் வழக்கமான கோடை உச்சத்தைவிட ஓரிரு பாகை கூடிச் சில வாரங்கள் நீடித்தால் இந்த உறவு முறிந்து, பாசிகள் வெளியேற, பவளம் வெளுத்துப்போகிறது. தாங்குதலும் நடத்துதலும் உடைமையும் இங்கே ஒருவர் கையில் இல்லை. பாசி விலங்கைத் தாங்குகிறது, விலங்கு பாசியைத் தாங்குகிறது, இரண்டும் சேர்ந்து கல்லைக் கட்டுகின்றன. வெளியிலிருந்து பார்க்கும் மனிதர், இந்த வட்டத்துக்குத் தேவையான நீரையும் ஒளியையும் தருபவராக இருக்கிறாரே தவிர, அதன் நோக்கமாக எங்கும் இல்லை. ஆகவே இராமானுசரின் அளவுகோலில் அவர் சேஷி, அதாவது பிறிதொன்று யார் பொருட்டு இருக்கிறதோ அந்த உடையவர், ஆகமாட்டார். தாங்குதல் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு உடைமையைக் கோருவது அந்த இலக்கணத்தின் மூன்றில் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிடுவதாகும். மேலும், அத்தேவையை உண்டாக்கியவரே அவர் என்பதால், அவர் தருவதைக் கருணை என்று சொல்வதும் முழுமையாகப் பொருந்தாது. கடலில் இருந்தபோது அந்த உயிருக்கு அவர் தேவைப்படவில்லை. அவர் நாள்தோறும் ஊற்றும் நீர், பட்ட கடனுக்குக் கட்டும் தவணை என்பதே சரியான கணக்கு.

உயிரென்று எதை எண்ணுவது என்பதில் இந்தியச் சிந்தனை காட்டிய நுட்பம் இங்கே நினைக்கத்தக்கது. தொல்காப்பியம் மரபியலில் உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் வரிசைப்படுத்தி, புல்லையும் மரத்தையும் ஓரறிவுடையனவாகவும் நத்தை போன்றவற்றை ஈரறிவுடையனவாகவும் வைக்கிறது. சமணர் இன்னும் கீழே இறங்கி, மண்ணையே உடலாகக் கொண்ட ஓரறிவுயிர்கள் உண்டென்று கொண்டு, உத்தராத்தியயன சூத்திரத்தின் முப்பத்தாறாம் இயலில் அவற்றைப் பட்டியலிடும்போது, கல், மணல், உலோகங்களுடன் பவளத்தையும் சேர்த்தனர். அவர்கள் அறிந்தது அணியாகக் கோக்கப்படும் செம்பவளம், திட்டுகளைக் கட்டும் வெண்கல் பவளம் அன்று. அதை உயிரென்று கொண்டதற்கு அவர்கள் கூறிய காரணமும் இன்றைய உயிரியல் கூறுவது அன்று. ஆனாலும் மற்றவர் மணி என்று விலைபேசிய ஒன்றின்மீது, ஊறு செய்வதற்குமுன் தயங்கவேண்டும் என்னும் கடப்பாட்டை அவர்கள் ஏற்றிவைத்தனர். அத்தயக்கம் மதிப்புக்குரியது.

அந்தத் தயக்கம் இல்லாதபோது நேர்வதை, இக்கலை பிறந்த பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தே காட்டியது. 1846இல் ஆன் தின் என்னும் பெண்மணி டார்க்கி கடற்கரையிலிருந்து கல் பவளங்களை லண்டனுக்குக் கொண்டுசென்று வளர்த்தார். அவர் வெஸ்ட்மின்ஸ்டர் அபே தேவாலயத்தின் உதவித் தலைமைக் குருவின் மனைவி. நீரில் காற்று கலப்பதற்காக, அவருடைய பணிப்பெண் திறந்த சன்னலருகே நின்று, அந்நீரைக் கலத்திலிருந்து கலத்துக்கு மாற்றி மாற்றி ஊற்றவேண்டியிருந்தது. பின்னர் பிலிப் ஹென்றி காஸ் என்னும் இயற்கையியலார், 1853இல் லண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் திறக்கப்பட்ட முதல் பொது மீன்காட்சியகத்துக்கு உயிர்களைத் திரட்டித் தந்ததோடு, அடுத்த ஆண்டே கடல்நீர்த் தொட்டியைப் பற்றி நூலொன்றும் வெளியிட்டு, அதை நடுத்தர வகுப்பு வீடுகளுக்குள் கொண்டுபோனார். பிளிமத் சகோதரர் சபையைச் சேர்ந்த அவர் ஆழ்ந்த பக்தர். கடற்கரைக் குட்டையிலுள்ள ஒவ்வொரு கடற்சாமந்தியும் படைத்தவனின் கைவேலைப்பாடு என்று நம்பி, அதைப் பிறரும் காணவேண்டும் என்ற ஆர்வத்தாலேயே எழுதினார். அவர் நூல்களைப் படித்தவர்கள் கூடைகளோடு கடற்கரைகளுக்குத் திரண்டனர். பாறைக் குட்டைகள் சில ஆண்டுகளுக்குள் வெறுமையாயின. இதைத் தந்தையே கண்டு வருந்தினார் என்று மகன் எட்மண்ட் காஸ் 1907இல் வெளிவந்த தம் நினைவு நூலில் பதிவுசெய்திருக்கிறார். வியப்பும் வழிபாடும் மெய்யாகவே இருந்தன. ஆனால் கண்டு வணங்குவதற்கும் எடுத்து வைத்துக்கொள்வதற்கும் இடையே உள்ள எல்லையை அந்த வழிபாடு வகுத்துக் காட்டவில்லை.

தமிழகக் கரையில் அந்த எல்லையைச் சட்டம் வகுத்திருக்கிறது. இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகளைச் சூழ்ந்த மன்னார் வளைகுடாப் பவளத்திட்டுகளிலிருந்து, சுண்ணாம்புக்காகவும் கட்டடங்களுக்காகவும் பல்லாண்டுகள் பவளக்கல் வெட்டியெடுக்கப்பட்டது. அரணாக நின்ற திட்டு குலைந்ததால் அத்தீவுகளுள் இரண்டு கடலுக்குள் மூழ்கிவிட்டன. 1986இல் அப்பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 2001இல் கல் பவளங்கள் அனைத்தும், கடல் விசிறிகளும், 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டு, புலிக்கு உள்ள பாதுகாப்பைப் பெற்றன. எனவே இந்திய வீடொன்றில், இங்குள்ள கடலிலிருந்து எடுத்த கல் பவளத்தையோ பவளப் பாறையையோ கொண்டு தொட்டி அமைப்பது குற்றம். செயற்கைப் பாறையில் பாக்டீரியாவை வளர்த்து, பொரிப்பகத்தில் பிறந்த கோமாளி மீன் இணையொன்றை வைத்துக்கொள்வது போதுமானது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின், மண்டபம் என்னும் ஊரிலுள்ள மண்டல மையம் அம்மீன்களைச் சிறைநிலையிலேயே இனப்பெருக்கம் செய்யவைக்கும் முறையை உருவாக்கியிருக்கிறது. பவளம் இல்லாத தொட்டி குறையுடையதாகத் தோன்றலாம். அக்குறையை ஏற்றுக்கொள்வதே, உயிர்கள் தன் பொருட்டு இருப்பவை அல்ல என்பதை ஒருவர் நடைமுறையில் ஒப்புக்கொள்ளும் வழி.

பொரிப்பகத்து மீனாயினும் பொறுப்பு இலேசாவதில்லை. நல்ல பராமரிப்பில் கோமாளி மீன் 20 ஆண்டுகளுக்கும் மேல் வாழக்கூடியது. தொட்டியை வைத்திருப்பவர் வீடு மாறலாம், நோயுறலாம், சலித்துப்போகலாம். அப்போது மீனைக் கடலில் விட்டுவிடுவது விடுதலை அளிப்பதாகத் தோன்றினாலும், அது அறமாகாது. தொட்டியில் பிறந்த மீனுக்குத் தஞ்சம் புகுவதற்கான கடற்சாமந்தியும் தெரியாது, அதைத் தின்ன வருபவற்றையும் தெரியாது. அதனுடன் போகும் நோய்க்கிருமிகள் அங்குள்ள மீன்களைத் தாக்கக்கூடும். அமெரிக்கத் தொட்டிகளிலிருந்து வெளியேறியதாகக் கருதப்படும் சிங்கமீன்கள் 1980களுக்குப்பின் மேற்கு அட்லாண்டிக் முழுவதும் பெருகி, அங்குள்ள சிறு மீன்களை அழித்துவருகின்றன. ஆகவே கடனைத் தொடர்ந்து செலுத்த முடியாதவர் செய்யத்தக்கது ஒன்றே. அதே உப்பளவும் அதே வெப்பமும் உள்ள வேறொரு தொட்டியை வைத்திருப்பவரைத் தேடி, மீனை அதன் பழைய நீரோடு ஒப்படைத்து, புதிய நீரைச் சொட்டுச் சொட்டாகக் கலந்து அது பழகும்வரை உடனிருந்துவிட்டு வருதல் வேண்டும்.