இடிந்த சுவரும் கேட்காத அனுமதியும்

2018 டிசம்பர் வெள்ளத்தில் முல்லைத்தீவு, கிளிநொச்சி மாவட்டங்களின் பல கிராமங்கள் நீரில் மூழ்கின. எங்கள் குசினியின் முன்சுவரும் விழுந்தது. மீள்குடியேறிய பின் உம்மா தன் கையாலேயே களிமண்ணும் சாணமும் குழைத்து மெழுகிய சுவர்கள் அவை. உட்சுவரில் சுண்ணாம்பாலும் அடுப்புக்கரியாலும் கொடிகள் வரைந்திருந்தார். எவரிடமும் கற்றதல்ல. நிவாரணத்தோடு வந்த ஒருவர் அதைப் படம் பிடித்தார். உம்மா முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, "கதவில்லாட்டி அது வீடில்லையா, மகன்?" என்று என்னிடம் கேட்டார்.

அந்தக் கேள்வி என்னை மிதிலைக்கு இட்டுச் சென்றது. 1934 ஜனவரி 15இல் பீஹாரில் நிகழ்ந்த பூகம்பத்தின் பின் சேதம் பார்க்கச் சென்ற ஆங்கில அதிகாரி ஆர்ச்சர், இடிந்த வீடுகளின் உட்சுவர்களில் ஓவியங்களைக் கண்டார். அரிசிமாவும் விளக்குக்கரியும் இலைச்சாறும் கொண்டு பெண்கள் மணவறைக்கென வரைந்தவை அவை. 1949இல் அவர் அவற்றைப் பற்றி எழுதினார். இன்று மதுபனி ஓவியத்தை உலகம் அறியும். ஆனால் அன்று எந்தப் பெண்ணும் அவருக்குக் கதவு திறக்கவில்லை; பூகம்பமே திறந்தது.

பிறர் வீட்டினுள் அனுமதி கேட்டு, ஸலாம் கூறியே நுழைய வேண்டும் என்கிறது சூரா அந்நூரின் 27ஆம் வசனம். சுவர் விழுந்ததும் அந்தக் கடமையும் விழுந்துவிடுமா? காண்பது குற்றமென்று நான் சொல்லவில்லை. விழுந்த சுவரைக் காணாமல் உதவி செய்வது எப்படி? கண்டதை எடுத்துச் செல்வதுதான் வேறு விடயம்.

1966-67 வரட்சியின்போது அகில இந்தியக் கைப்பணிச் சபை அப்பெண்களிடம் கடதாசி கொடுத்து வரையச் சொன்னது. அது கேட்டுப் பெற்ற ஓவியம். பசியில் கொடுத்த சம்மதம் முழுச் சம்மதமா என்று வாதிடலாம். அந்த ஐயம் எனக்கும் உண்டு. ஆயினும் எதை வரைவது, எதைக் கொடுப்பது என்ற தீர்மானம் ஓரளவேனும் அவர்கள் கையில் இருந்தது. பெயரற்ற சுவர்களிலிருந்து ஜகதாம்பா தேவி, சீதா தேவி, கங்கா தேவி என்ற பெயர்கள் வெளிவந்தன. 1975இல் ஜகதாம்பா தேவிக்குப் பத்மஸ்ரீ விருதும் கிடைத்தது. மண்ணும் கரியும் எல்லோருக்கும் பொது. அவற்றைக் குழைத்த கை பொதுவல்ல.

படமெடுத்தவரிடம் உம்மாவின் கேள்வியைச் சொன்னேன். அவர் வெட்கப்பட்டு, படத்தை உம்மாவிடமே காட்டி, "என்ன செய்யட்டும், அம்மா?" என்று கேட்டார். உம்மா வெகுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"இத அழிச்சிருங்க தம்பி. சுவர் எழுப்பி, புதுசா மெழுகினதும் வாங்க. நானே கூட்டிக்கொண்டு போய்க் காட்டுறன்."