நிற்பதற்காக ஓர் ஓட்டம்

மகா சிவராத்திரிக்கு முந்தின நாள், முன்சிறை திருமலையிலிருந்து காவி உடுத்த கூட்டம் புறப்படும். கையில் பனையோலை விசிறி, இடுப்பில் திருநீற்றுப் பை, வாயில் 'கோவிந்தா, கோபாலா'. திக்குறிச்சி, திற்பரப்பு, திருநந்திக்கரை, பொன்மனை, பன்னிப்பாகம், கல்குளம், மேலாங்கோடு, திருவிடைக்கோடு, திருவிதாங்கோடு, திருப்பன்றிக்கோடு என்று ஓடியும் நடந்தும் போய், சிவராத்திரி அன்று பன்னிரண்டாவதான திருநட்டாலத்தில் முடிப்பார்கள். எண்பது கிலோமீட்டருக்குக் குறையாது. குமரி மாவட்டத்தின் சிவாலய ஓட்டம் இதுதான்.

சிவன் கோயிலுக்கு ஓடுகிறவன் ஏன் கோவிந்தனைக் கூப்பிடுகிறான்? அதற்கு ஒரு கதை உண்டு. தருமரின் யாகத்துக்குப் பாதி மனிதனும் பாதி மிருகமுமான புருஷாமிருகத்தை அழைத்துவரப் போனான் பீமன். தீவிர சிவபக்தனான அதற்குத் திருமால் பெயர் ஆகாது. பீமன் கோவிந்தா என்றதும் துரத்தியது. பிடிபடும் நேரத்தில் அவன் ஒரு ருத்திராட்சத்தைக் கீழே போட, அது லிங்கமாயிற்று. புருஷாமிருகம் நின்று பூசை செய்தது. பன்னிரண்டு ருத்திராட்சம், பன்னிரண்டு கோயில்.

கேட்கிறவர்கள் பீமனின் சாமர்த்தியத்தை மெச்சுவார்கள். என் மனம் புருஷாமிருகத்தின் பக்கம். அத்தனை கோபத்திலும், எதிரி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும், கும்பிட வேண்டியதைக் கண்டதும் நின்றதே! நின்றால் பீமன் தப்புவான் என்று அதற்குத் தெரியாதா? வாழ்க்கையில் நமக்கு வராத காரியம் அது. வேலை, கடன், பிள்ளைகள் படிப்பு என்று எதையோ துரத்துகிறோம். வழியில் எது தென்பட்டாலும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தாண்டிவிடுகிறோம்.

திக்குறிச்சி தாண்டினால் திற்பரப்புக்கு நெடுவழி. ரப்பர் தோட்டத்து இருட்டில் முன்னால் போகிறவரின் குரல்தான் துணை. ஒரு வீட்டு நடையில் வயசான அம்மை ஒருத்தி, "வெள்ளம் குடிச்சிட்டுப் போ மக்களே" என்று செம்பை நீட்டினாள். எந்த ஊர், என்ன சாதி என்று கேட்கவில்லை. வழியெங்கும் இப்படித்தான்: பானகம், சுக்குக் காப்பி, கஞ்சி, அவித்த மரச்சீனிக் கிழங்கு. கொடுப்பதில் கூச்சமில்லாத நமக்கு வாங்குவதில் கூச்சம் உண்டு. காலில் கொப்புளம் வந்தபின் அந்தக் கூச்சம் போய்விடுகிறது. ஒவ்வொரு கோயிலிலும் குளித்து, ஈரத்துணியோடு சாமிக்கு விசிறி வீசும்போது உடம்பு முழுவதும் அங்கேதான் இருக்கிறது.

இப்போது வேனிலும் பைக்கிலும் பன்னிரண்டையும் பார்த்துவிடுகிறார்கள். முதியவர்களுக்கும் முடியாதவர்களுக்கும் அது நல்ல வசதி. குறை சொல்ல மாட்டேன். ஆனால் கால் திடமாக இருக்கிறவர்கள் வண்டியில் போவதில் எனக்குச் சம்மதமில்லை. களைத்து வந்து நிற்கிறவனுக்குக் கிடைப்பது இறங்கி ஏறுகிறவனுக்குக் கிடைப்பதில்லை.

பன்னிரண்டும் முடியாது என்று தோன்றினால், திருநந்திக்கரையிலிருந்து பொன்மனை வரையாவது நடந்து பாருங்கள். புறப்படுமுன் அங்கே பாறையைக் குடைந்த குகைக் கோயிலுக்குள் போய், அழிந்தது போக மிஞ்சியிருக்கும் சுவரோவியங்களையும் பாருங்கள்.